தலையணைக்கு அடியில் ஓர் அரிவாள்

இதை எழுதச் சொன்னது என் மைத்துனன் குமார். "நீயே எழுது மாமா. நான் சொன்னா யாரு கேப்பாங்க? உன் சட்டையைப் புடிக்க வந்தவன் நானு" என்றான். அவன் சொன்னது சரிதான். தன் அக்காவை நான் அடிக்கிறேன் என்று நம்பி, குடிபாலாவிலிருந்து பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தவன் அவன். அவன் நம்பியதில் தவறில்லை. நான் அடித்தது உண்மை. அடித்தது எனக்குத் தெரியாது என்பதும் உண்மை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சித்தூரில் வீடு. கங்காதர நெல்லூர் போகிற வழியில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் எடைமேடையில் வேலை. மாங்காய் டிராக்டர் உள்ளே வரும்போது ஓர் எடை, காலியாக வெளியே போகும்போது ஓர் எடை, சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்து வேலை. உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். டிரைவர் ஹாரன் அடித்தால் விழிப்பேன். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். சலூன் நாற்காலியில் தூங்கியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் தூங்கியிருக்கிறேன். ஒருமுறை சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காலூன்றியபடியே தூங்கினேன். படுத்ததும் தூக்கம் வருவது கொடுத்துவைத்தவனுக்குத்தான் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. குறட்டை எங்கள் குடும்பச் சொத்து. நைனா விட்டார், நானும் விடுகிறேன், அதில் என்ன இருக்கிறது என்று இருந்தேன்.

என் மனைவி மோகனா நறுக்கென்று பேசுகிறவள். ஆனால் பேச வேண்டியதை மட்டும் பேசமாட்டாள். ஒருநாள் காலையில் அவள் கன்னத்து எலும்பு வீங்கியிருந்தது. கேட்டதற்கு, கதவு இடித்துவிட்டது என்றாள். இரண்டு மாதம் கழித்து உதடு கிழிந்திருந்தது. குழாயடியில் வழுக்கிவிட்டதாம். கதவுக்கு எண்ணெய் போட்டேன், குழாயடியில் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். இவ்வளவுதான் என் அறிவு.

ஆடிக் கிருத்திகைக்கு, மறுபடி வீங்கிய கன்னத்தோடு தாய்வீடு போனவளின் முகத்தைக் குமார் பார்த்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். காபி கொடுத்தால் தொடவில்லை.

"மாமா, எங்க அக்கா முகத்துல இன்னா அது?"

"கதவு இடிச்சிக்கிச்சுன்னு சொன்னாளே."

"எந்தக் கதவு? காட்டு, நானும் பாக்குறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்துவிட்டேன். அவனும் எழுந்தான். அப்போதுதான் மோகனா சமையலறையிலிருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"டேய், உக்காரு. அடிச்சது அவருதான். ஆனா அவரு தூங்கிக்கினு இருந்தாரு."

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேலாக நடக்கிறதாம். விடியற்காலைப் பக்கம் நான் கத்துவேனாம், உதைப்பேனாம், கையை வீசுவேனாம். பக்கத்தில் படுத்திருப்பவள் அவள்தானே. "முழிச்சிக்கினு இருக்கறப்போ இந்த மனுஷன் ஒரு நாளும் என் மேல கை ஓங்கினதில்ல. தூக்கத்துல அடிச்சாருன்னா எவன் நம்புவான்? நீயே நம்பலையே இப்போ" என்றாள் தம்பியிடம்.

குமார் நம்பவில்லைதான். "குடிக்கிறாரா?" என்று மட்டும் கேட்டான். நான் டீயைத் தாண்டி எதையும் தொடாதவன். எனக்குக் கோபம் போய் வெட்கம் வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மோகனாவைக் கேட்டேன். "சொன்னா நீங்க தூங்கமாட்டீங்க" என்றாள்.

செய்தி வெதுருகுப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்குப் போயிற்று. அக்கா அடுத்த பஸ்ஸில் வந்தாள். எலுமிச்சம்பழம், விபூதி, அதோடு பழைய துணியில் சுற்றி ஓர் அரிவாள், புல் அறுக்கிற கருக்கரிவாள். கெட்ட கனவு கண்டு குழந்தை அலறினால் தலையணைக்கு அடியில் இரும்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓர் ஆணியோ சாவியோ போதும். என் அக்கா எதையும் சிறிதாகச் செய்கிறவள் அல்ல.

"கனவுல வந்து அமுக்கறது எதுவா இருந்தாலும் இரும்பு கிட்ட வராதுடா. பாரு, நாளையிலிருந்து நிம்மதியாத் தூங்குவ."

வைத்தோம். மூன்று பேருமே பள்ளிக்கூடம் போனவர்கள். தூக்கத்தில் கையை வீசுகிறவன் தலைமாட்டில் அரிவாளை வைக்கிறோமே என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்குப் போன் செய்து பாராட்டினேன். ஒன்பதாம் நாள் கனவில் ஒருவன் என் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். மூச்சு முட்டியது. கைக்கு ஏதாவது அகப்படுமா என்று துழாவினேன். அப்போது யாரோ "சேகர்! சேகர்!" என்று கூப்பிட்டார்கள். விழித்தால் கட்டிலைவிட்டு இறங்கி நின்றுகொண்டிருக்கிறேன். மோகனா கதவோடு ஒட்டி நிற்கிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான். என் வலது கையில் அரிவாள் இருந்தது.

கீழே போடக்கூட விரல் பிரியவில்லை. அவள் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கினாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நைனா சாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

மறுநாளிலிருந்து அவளைக் கூடத்தில் படுக்கச் சொன்னேன். என் அறையை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடச் சொன்னேன். முதலில் முடியாது என்றாள். நான் பிடிவாதம் பிடித்ததும் போட்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுப்பேன். என் கையை நானே நம்பாமல் இருப்பது எப்படி என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவளோடு ஒரே அறையில் இனி எப்போதாவது படுப்பேனா என்பதுதான் என் கவலையெல்லாம்.

சித்தூரில் எங்களுக்குப் பழக்கமான டாக்டர் கேட்டுவிட்டு, தாளில் ஏதோ எழுதினார். நாம் கனவு காணும்போது மூளை நம் கைகால்களைப் பூட்டி வைக்குமாம். அதனால்தான் கனவில் ஓடினாலும் படுக்கையில் கிடக்கிறோம். சிலருக்கு அந்தப் பூட்டு தளர்ந்துபோகும், கனவில் செய்வதையெல்லாம் உடம்பும் செய்யும். "உங்க வயசுல இது வந்தா நரம்பு டாக்டரைக் காட்டியே ஆகணும். சில பேருக்குப் பல வருஷம் கழிச்சிக் கைநடுக்க வியாதி வர்றதுக்கு இது முன்னறிவிப்பா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்ன 'இருக்கலாம்' என் காதில் 'வந்துவிட்டது' என்றுதான் விழுந்தது. போனில் தேடிப் படித்தேன். மோப்பம் குறையும் என்று போட்டிருந்தது. சமையலறைக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை முகர்ந்து பார்த்தேன். வாசனை வந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்தேன். காபி டம்ளரை நீட்டிப் பிடித்து நடுங்குகிறதா என்று பார்த்தேன். அப்படி உற்றுப் பார்த்தால் யார் கைதான் நடுங்காது? "அந்தக் காபியைக் குடிங்க, ஆறிப்போய்க்கினு இருக்குது" என்றாள் மோகனா.

திருப்பதிக்கு முதல் பஸ்ஸில் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டோக்கன் வாங்க ஒரு வரிசை, சீட்டு போட ஒரு வரிசை, பிரஷர் பார்க்க ஒரு வரிசை. மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு நேரே இங்கே வந்தவர்கள் பாதிப்பேர், தலையில் சந்தனம் காயாமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நகரியைச் சேர்ந்த ஒரு தறிக்காரர் வீட்டம்மா. என்ன வியாதி என்று மோகனாவை விசாரித்தவர், கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்லயும் ஒரே ஒதை. நான் எங்கயும் சொல்லல" என்றார். மோகனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நரம்பு டாக்டர் ஓர் அம்மாள், தெலுங்குக்காரர், நல்ல தமிழ் பேசினார். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டிக் காட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மோகனாவைக் கேட்க ஆரம்பித்தார்.

"குறட்டை விடுவாரா?"

"தெருவுக்கே கேக்கும்."

"நடுவுல நிக்குமா?"

"நிக்கும். சுத்தமா நின்னுடும். நான் எண்ணுவேன். முப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன். அப்பால ஒரு ஒதறு ஒதறிக்கினு திரும்ப வரும். அந்த ஒதறுலதான் அடி வுழும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றாள் மோகனா. அருகில் கூர்மையான பொருள் எதுவும் வைத்துக்கொள்வதில்லையே என்று அவர் கேட்டபோது நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். கடைசியில் அவள்தான் அரிவாள் கதையைச் சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை மூடித் திறந்து, "எங்க அம்மா எனக்குப் பாக்குவெட்டி வெச்சாங்க. இனிமே சாவியோட நிறுத்திக்குங்க" என்றார். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். மூன்று வாரம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் தாழ்ப்பாள்தான்.

பரிசோதனைக்குப் போகிற அன்று சனிக்கிழமை. அக்கா போனில், "நல்லாத் தூங்கினாத்தானே மிஷினுல சரியாத் தெரியும்? எண்ணெய் தேய்ச்சித் தலை முழுகிட்டுப் போடா" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. நல்லெண்ணெய் காய்ச்சி, மிளகு சீரகம் போட்டு, மோகனா உச்சந்தலை குளிரத் தேய்த்துவிட்டாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் ரமணம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும், என் தலையில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

"எண்ணெய் வெச்சிக்கினு வந்துட்டீங்களா? பேப்பர்ல போட்டிருக்குதே, படிக்கலையா?"

பேப்பரில் நாங்கள் தேதியை மட்டும்தான் பார்த்திருந்தோம்.

"பத்து பேர் வந்தா நாலு பேர் இப்படித்தான். பரிட்சைக்குப் புள்ளைய அனுப்பற மாதிரி தேய்ச்சி அனுப்பறாங்க. வயரு எங்க ஒட்டும்?" என்று சொல்லி ஷாம்புவைக் கையில் கொடுத்தார். மூன்று முறை தேய்த்துக் குளித்தேன். எங்கள் அக்காவின் நல்லெண்ணெய் அப்படி லேசில் விடவில்லை.

பிறகு ஒட்டினார். தலையில் ஏழெட்டு வயர். தூங்குகிறேனா, லேசான தூக்கமா ஆழ்ந்த தூக்கமா என்பதை அவை சொல்லும். கண்ணோரத்தில் இரண்டு. கனவு காணும்போது மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடும், அதைப் பிடிக்க. தாடையில் சில. கைகால் பூட்டு விழுந்திருக்கிறதா என்று தாடைச் சதை காட்டிக்கொடுத்துவிடுமாம். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரல்நுனியில் ஒரு கிளிப், கால்களில் வயர். இருட்டிலும் பார்க்கிற கேமரா ஒன்று மேலே. கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கல்யாணத்துக்குச் சீரியல் பல்பு போட்ட வீடு மாதிரி இருந்தேன்.

துணைக்கு வந்தவருக்குச் சுவரோரம் ஒரு குறுங்கட்டில் போட்டிருந்தார்கள். மோகனா அதில் தலையணையைத் தட்டிப் போடுவதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. இங்கே தாழ்ப்பாள் இல்லை. என் கையைக் கட்டிலோடு கட்டிவிடச் சொல்லி ரமணம்மாவைக் கெஞ்சினேன்.

"கட்டிட்டா நான் எதைப் பாக்கறது?" என்றார். "தூங்குங்க. பக்கத்து ரூம்லதான் இருக்கேன்." மோகனாவிடம், இவர் என்ன செய்தாலும் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது, எழுப்பினால் பரிசோதனை வீண் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை வயரோடு எவன் தூங்குவான் என்று நினைத்தேன். அது மட்டும்தான் ஞாபகம். நடுவில் ரமணம்மா வந்து மூக்கில் ஒரு மூடியை மாட்டியதும், அதிலிருந்து காற்று வந்ததும் அரைகுறையாக நினைவிருக்கிறது. விழித்தபோது ஜன்னலில் வெயில். தலை லேசாக இருந்தது. பல வருடமாகத் தலையில் சுமந்துகொண்டிருந்த ஒன்றை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. முதல் வேலையாக மோகனாவின் முகத்தைப் பார்த்தேன். புதிதாகக் காயம் எதுவும் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

ஐந்து நாள் கழித்து ரிசல்ட். குமாரும் வந்தான். நான்தான் கூப்பிட்டேன். என் வாயால் எது சொன்னாலும் அவனுக்கு அது சாக்காகத்தான் படும். டாக்டர் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்தார். கோடு கோடாக ஓடியது. தாடைக் கோட்டைக் காட்டினார். கனவுத் தூக்கம் வந்ததும் அது தட்டையாகப் படுத்துவிட்டது. "பூட்டு நல்லா வேலை செய்யுது. நீங்க பயந்த வியாதிக்கு இங்க அறிகுறி இல்ல" என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. மோகனா என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நடப்பது வேறு. தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைச் சதை தளரும். கனவுத் தூக்கத்தில் இன்னும் தளரும். எனக்கு அது மூச்சுக் குழாயை அடைத்துவிடுகிறது. நெஞ்சு மூச்சிழுக்க ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் போவதில்லை. சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறை. ரத்தத்தில் பிராணவாயு இறங்கியதும் மூளை அபாயமணி அடித்து என்னைக் கொஞ்சம் எழுப்பிவிடும். பூட்டு திறந்துவிடும், கனவு முழுசாகக் கலைந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் கத்தலும் அடியும். கழுத்தை நெரிப்பது போலக் கனவு வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்றார். என் கழுத்தை நெரித்தது என் தொண்டைதான். அதோடுதான் அரிவாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன். இரவு முழுக்கத் துண்டு துண்டாக விழித்ததால்தான் பகலெல்லாம் தூங்கி வழிந்திருக்கிறேன்.

பிறகு வீடியோவைப் போட்டார். கருப்பு வெள்ளைப் படம். மல்லாந்து கிடக்கிறேன், குறட்டை. சட்டென்று நின்றது. வயிறு மட்டும் எக்குகிறது. திடீரென்று ஒரு கத்தல், வலது கை குத்துவிட்டுத் தலையணையில் இறங்கியது. குமார் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டான். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அதைப் பாத்தது போதும். ஓரமாப் பாருங்க" என்றார் டாக்டர்.

படத்தின் ஓரத்தில் குறுங்கட்டில் தெரிந்தது. என் குறட்டை நின்றதும் மோகனா எழுந்து உட்கார்ந்தாள். கை என் பக்கம் நீண்டது. தொடக்கூடாது என்பது ஞாபகம் வந்து கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு திரும்ப வந்ததும் படுத்தாள். அடுத்த முறை நின்றதும் மறுபடி எழுந்தாள். டாக்டர் படத்தை வேகமாக ஓட்டினார். எழுந்தாள், படுத்தாள், எழுந்தாள், படுத்தாள். மூடியை மாட்டுகிறவரை அதுதான்.

"வீட்டுல இந்த நேரத்துக்கு இவரைத் தொட்டு அசைச்சிடுவீங்க, இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமாம். அசைச்சா மூச்சு வந்துடும். சில நாளு அசைக்கப் போற கையிலயே ஒண்ணு வாங்கிப்பேன்" என்றாள் மோகனா.

"தாழ்ப்பாள் போட்ட நாள்ல?" என்று நான் கேட்டேன்.

"சத்தம் கேக்கற மாதிரி போடுவேன். நீங்க தூங்கினதும் எடுத்துடுவேன். மூச்சு நின்னா கூடத்திலிருந்து எப்படிக் கேக்கும்?"

குமார் எழுந்து வெளியே போனான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா" என்றான். பரவாயில்லை என்று அவன் தொடையில் தட்டினேன். மூக்கு மூடிக்குக் காற்று ஊத டாக்டர் எழுதித் தந்த மிஷினை யாரிடமும் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்டு வரை அவனே தூக்கிக்கொண்டு வந்தான். வாங்கித் தந்தது ஸ்ரீ சிட்டியில் வேலை செய்யும் என் மகள். மற்ற பிள்ளைகள் அப்பாவுக்குச் சட்டை எடுப்பார்கள், நீ மூக்குக்கு மூடி எடுத்திருக்கிறாய் என்று அவளைக் கேலி செய்தேன்.

அந்த மிஷின் மருந்தல்ல. பிராணவாயு சிலிண்டரும் அல்ல. சாதாரணக் காற்றைக் கொஞ்சம் அழுத்தமாக ஊதித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தினமும் மாட்ட வேண்டும். எடையைக் குறைக்க வேண்டும். எடைமேடைக்காரனுக்கு இதைச் சொன்னதும் ஃபேக்டரியே சிரித்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது குறட்டை நடுவில் நின்று நின்று வந்தால், பகலில் தூங்கி விழுந்தால், சிரிக்காமல் டாக்டரிடம் போங்கள். போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். நோயாளிக்குத் தன் வியாதியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்த அன்று மூடியை மாட்டிக்கொண்டு படுத்தேன். மோகனா கூடத்திலிருந்து தன் தலையணையை எடுத்துவந்து கட்டிலில் போட்டாள். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே என்று மூடிக்குள்ளிருந்து ஏதோ உளறினேன்.

"நவுருங்க" என்றாள்.

நகர்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகப் படுத்திருந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

பால்காரர் கூப்பிடும் சத்தத்தில் விழித்தேன். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்ததே இல்லை. முதல் குரலுக்கே எழுந்து போகிறவள் மோகனா. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி, ஒரு கையை என் மார்பின்மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை விட்டாள்.

பால்காரர் மறுபடி கூப்பிட்டார். அந்தக் கையை மெல்ல எடுத்துப் படுக்கையில் வைத்தேன். மூடியைக் கழற்றிவிட்டு, பாத்திரம் இருக்கும் இடம் தெரியாமல் சமையலறையில் தேடி, கடைசியில் சொம்போடு வாசலுக்கு ஓடினேன். அவர் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். "இன்னா சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"மெதுவாப் பேசுப்பா" என்றேன். "தூங்கிக்கினு இருக்கா."